மேற்குப் பார்த்த ஆன்டெனா

1

மைசூரில் நாங்கள் எல்லோரும் நலம். அங்கே இன்று காலை தூறல், பிற்பகலில் காற்று என்பதும் தெரியும். என் கைப்பேசியின் வானிலைப் பக்கத்தில் முதல் ஊர் இன்னமும் நம் ஊர்தான், மைசூர் இரண்டாவது. என் மனைவி சுமதி, இங்கே மழை வரும்போது குடையை மட்டும் எடுத்து நீட்டுவாள்.

இந்த ஆவணியோடு நாங்கள் இங்கே குடிவந்து பதினைந்து வருடம் நிறைகிறது. அதையொட்டி அங்குள்ள நம் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளர் கேட்டிருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். நான் ஐந்து வயதில் அவிநாசியிலிருந்து கடல் தாண்டி, நம் ஆங்கிலேய ஊருக்கு வந்தவன். அப்பா பஞ்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர். நான் மைசூர் மண்டி மொஹல்லாவில் பிறந்த சுமதியைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளுடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வருடத்துக்காக இங்கே வந்தேன். மாமனார் பிழைத்துக்கொண்டார். அந்த வருடத்தில் நந்தினி பிறந்தாள். பின்னாலேயே என் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். ஒரு வருடம் அப்படியே நிற்கிறது.

நான் இந்தியாவில் வசிக்க வைத்திருக்கும் அட்டையில் ‘வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்’ என்று எழுதியிருக்கிறது. இதைப் புதுப்பிக்கப் போனபோது அலுவலர் சொந்த ஊர் எது என்று கேட்டார். நம் ஊரைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அது நேட்டிவ் ஆகல்ல சார். தந்தெ ஊரு ஹேளி.”

அப்பாவின் ஊரைச் சொல்லச் சொன்னார். அவிநாசி என்றேன். அங்கே எனக்குத் தெரிந்தது பஸ் நிலையமும் ஒரு பேக்கரியும். அவர் திருப்தியாக எழுதிக்கொண்டார். நான் இரண்டு நாட்டிலும் தவறான இடத்தில் நிற்பவன் என்று தோன்றியது. ஆனால் வரிசை சரியான வரிசை; அதை மட்டும் முன்பே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

2

ஊர் ஞாபகம் என்றால் மற்றவர்களுக்கு ஆறும் தேரும் வரும். எனக்கு வருவது சக்கரம் வைத்த உயரமான இரும்பு மேசை ஒன்றும், அதன்மேல் இரண்டு மரக்கதவு போட்ட ஒரு டிவியும்.

அந்தக் காலத்தில் அங்கே பள்ளித் தொலைக்காட்சி என்று ஒன்று இருந்தது. காலை நேரத்தில் வகுப்பறைகளுக்காகவே பாடங்கள் ஒளிபரப்பாகும். தவளை எப்படி வளர்கிறது, கால்வாயில் படகு எப்படி மேடேறுகிறது என்பது போல. பள்ளிப் பராமரிப்பாளர் டிவியைத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு சக்கரம் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டதும் வகுப்பில் கணக்குப் பாடம் தானாக நின்றுவிடும். ஆசிரியை திரைச்சீலையை இழுத்துவிட, நாங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்காருவோம்.

நிகழ்ச்சிக்கு முன்பு திரையில் ஒரு வட்டம் வரும். வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள். பின்னால் ஏதோ இசை. புள்ளிகள் ஒவ்வொன்றாக மறையும். கடைசிப் புள்ளி மறைந்ததும் பாடம் தொடங்கும். வேறு எதற்கும் அடங்காத வகுப்பு அந்தப் புள்ளிகளுக்கு மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும். தவளைப் பாடத்தில் என்ன சொன்னார்கள் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. புள்ளிகள் எந்தத் திசையில் மறைந்தன என்று தெரியும். கடிகாரச் சுற்று.

இந்தப் பழைய ஒளிபரப்புகளை வீடியோ நாடாக்களிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாடத்தை மட்டுமல்ல, புள்ளிகளையும் தனியாக ஏற்றியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதைப் பார்ப்பது வழக்கம்.

“அரை மணி நேரமா ஒரு கடிகாரத்தைப் பாத்துட்டு இருக்கீங்க,” என்றாள் சுமதி ஒருநாள். “நம்ம சுவத்துலயும் ஒண்ணு இருக்கு, அல்வா? அதுல மணியாவது தெரியும்.” அல்வா என்பது கன்னடத்து ‘இல்லையா’, இனிப்பு இல்லை.

3

அம்மாவுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது இதே பள்ளித் தொலைக்காட்சிதான். அப்பா ஆலைக்கும் நான் பள்ளிக்கும் போனபிறகு அம்மா வீட்டில் டிவியைப் போட்டுக்கொண்டு, பருப்பு வேகும்வரை பிள்ளைகளின் பாடத்தைப் பார்ப்பார். அதில் வருகிறவர்கள் நிதானமாக ஒரு கேள்வி கேட்பார்கள். வகுப்பில் பிள்ளைகள் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். பிறகு அவர்களே பதிலையும் சொல்வார்கள். ஆங்கிலம் என்பது இப்படிப் பேசப்படும் மொழி என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனபோது கூடவே நானும் போனேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார்: “எனக்கு எங்கே வலிக்கிறது?” கேட்டுவிட்டு, டாக்டருக்கு ஊக்கம் தரும் ஒரு புன்னகையோடு காத்திருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். இடைவெளி முடிந்ததும் அம்மா, “சரி. முழங்காலில்,” என்றார்.

மைசூர் வந்தபிறகு கன்னடத்தையும் அதே முறையில்தான் கற்றுக்கொண்டார். தேவராஜ மார்க்கெட்டில் ஒரு கத்திரிக்காயைத் தூக்கிப் பிடித்து, “இது ஏனு?” என்று கேட்டு நிறுத்தி, “இது பதனெகாயி,” என்று முடிப்பார். கடைக்காரர், “கொத்தம்மா, நானே மாரோது,” என்றார். தெரியும், விற்கிறவனே நான்தான் என்று பொருள். ஆனால் மரியாதையாகத்தான் சொன்னார்.

இப்போது ஆன்டெனாவுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிலையம். பெரிய நிகழ்ச்சிகள் எல்லோருக்கும் பொது. மாலை ஆறு மணிச் செய்தியும் வானிலையும் மட்டும் அந்தந்த வட்டாரத்துக்கு. நம் ஊர் வட்டார எல்லையான மலைக்குக் கிழக்கே இருப்பதால் நமக்குக் கிழக்கு நிலையம். கூரையில் இருக்கும் ஆன்டெனாவும் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். நாங்கள் வாங்கிய வீட்டில் அது மேற்கே பார்த்து நின்றது. எங்களுக்கு முன்னால் இருந்த கிழவர் மலைக்கு மேற்கேயிருந்து வந்தவர். கால்பந்தில் அவருக்கு அந்தப் பக்கத்து அணி. சாகும்வரை அவர் தன் ஊர்ச் செய்தியையே பார்த்திருக்கிறார். வீட்டோடு சேர்த்து அந்தப் பிடிவாதத்தையும் அப்பா வாங்கிவிட்டார்.

அது தெரியாமல் நாங்கள் நான்கு வருடம் பக்கத்து வட்டாரத்தில் குடியிருந்தோம். மேற்கு வானிலை மழை என்றால் அம்மா குடையோடு கிளம்புவார். மழை மலையின் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். வெயிலில் குடையோடு போகிற இந்தியப் பெண் என்று தெருவில் பெயர். எங்களுக்கு மேற்கு வட்டார மேயரின் பெயர் தெரியும், நம் மேயரைத் தெரியாது.

மேற்கு நிலையத்தில் ஆறு மணிக்கு வரும் அறிவிப்பாளர் நரைத்த தலையும் கோட்டுமாக நேராகப் பார்த்து மாலை வணக்கம் சொல்வார். அம்மா அதற்கு முன்பே முகம் கழுவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் சொன்னதும் இவரும் “குட் ஈவினிங்” என்பார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “உன்ற ஆளு வந்தாச்சா?” என்று கேட்பார்.

இதையெல்லாம் மாமனாரிடம் சொல்லும்போது அவர் ரசித்துச் சிரிப்பார். அவர் மைசூரில் பிறந்து, மைசூர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்து, மைசூரில் ஓய்வு பெற்றவர். வீட்டில் காலையிலிருந்து ஓடுவது சென்னைச் செய்தி. போன கார்த்திகையில் சென்னைக்குப் புயல் எச்சரிக்கை என்றதும் மண்டி மொஹல்லா மொட்டைமாடியில் காய்ந்த துணியெல்லாம் உள்ளே வந்துவிட்டது. வெளியே சுள்ளென்று வெயில். தன் வார்டு கவுன்சிலர் யார் என்று அவருக்குத் தெரியாது. சென்னையில் எந்தப் பேட்டையில் தண்ணீர் லாரி வரவில்லை என்று தெரியும்.

4

எனக்கு ஒன்பது வயதாகும்போது (அம்மா பத்து என்பார், தவறு) எங்கள் வகுப்பைப் படமெடுக்க டிவிக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகள் பள்ளித் தொலைக்காட்சியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று மாலைச் செய்தியில் காட்டப் போவதாகத் தலைமையாசிரியை சொன்னார். டிவி பார்ப்பதை டிவியில் காட்டுவது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

டிவி தள்ளிக்கொண்டு வரப்பட்டது. விளக்குகள் வைத்தார்கள். திரையில் வெளிச்சம் பட்டுக் கூசுவதால் டிவியை அணைத்துவிட்டார்கள். அணைந்த திரையை ஆர்வமாகப் பார்க்கும்படி எங்களிடம் சொன்னார்கள். எல்லோரும் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி சிரித்துக்கூடக் காட்டினாள். நிருபர் கேமராவைப் பார்த்து, இந்தக் குழந்தைகள் எப்படி லயித்துப்போயிருக்கிறார்கள் பாருங்கள் என்று தொடங்கினார். நான் கை தூக்கினேன்.

“சார், டிவி போடவே இல்லையே.”

அவர்கள் கிளம்பும்போது தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பேச்சை வெட்டிவிடுவார்களா, வைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் திருவிழா. பக்கத்து வீட்டு ஹாரிஸ் பஸ் ஓட்டுநர், நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். உங்கள் ஆன்டெனா வேறு வட்டாரத்தைப் பார்க்கிறது, அதில் நம் ஊர்ச் செய்தி எப்படி வரும் என்றார். நான்கு வருடக் குடை ரகசியம் அன்றைக்குத்தான் அம்மாவுக்கு விளங்கியது.

அப்பா, அப்படியே இருக்கட்டும், வந்தால் வருகிறது என்றார். அவருக்கு உயரம் பயம். ஆலையிலும் தரைத்தளத்து இயந்திரங்களைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டவர். அம்மா விடவில்லை. பெற்ற பிள்ளை டிவியில் வருகிறான், ஏணியில் ஏற முடியாதா என்று கேட்டார். இடைவெளி விடாமல் கேட்டார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஹாரிஸ். ஜன்னலில் அம்மா. டிவி முன்னால் நான். நான் அம்மாவிடம் தமிழில் சொல்ல, அம்மா ஹாரிஸிடம் ஆங்கிலத்தில் சொல்ல, ஹாரிஸ் அப்பாவுக்குக் கத்துவார். அம்மா, “படம் தெரிகிறதா?” என்று கேட்டு நிறுத்துவார். அது தன்னைக் கேட்ட கேள்வி என்று நினைத்து ஹாரிஸ், தெரியாதே என்று விழிப்பார். “இல்லை,” என்று அம்மா முடிப்பதற்குள் அப்பா படம் தெரிந்த இடத்தைத் தாண்டித் திருப்பியிருப்பார். நடுவில் எது கிழக்கு என்பது பற்றி ஹாரிஸுக்கும் அப்பாவுக்கும் ஒரு விவாதம் வேறு.

படம் தெளிந்தபோது ஆறேகால். கிழக்கு நிலையத்தில் யாரோ ஒருவர் தன் தோட்டத்தில் விளைந்த ராட்சதப் பூசணிக்காயைத் தட்டிக்காட்டினார். அதைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். பிறகு வானிலை. பிறகு நன்றி, வணக்கம்.

மறுநாள் வகுப்பில் சிலர் என்னைப் பார்த்திருந்தார்கள். ‘சார், டிவி போடவே இல்லையே’ என்று அந்தப் பருவம் முழுக்க என்னைக் கேலி செய்தார்கள். ஆக, நான் வந்திருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். பெற்றவர்கள்தான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே அப்பாவை மறுபடி ஏற்றி, ஆன்டெனாவை மேற்கே திருப்ப வைத்தார். கிழக்கு அறிவிப்பாளர் வணக்கம் சொல்லும்போது கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறாராம்.

ஆனால் அப்பாமேல் அம்மாவுக்கு இருந்த குறை தீரவில்லை. “ஏணியில நின்னுக்கிட்டு வெள்ளைக்காரனோட நாயம் பேசினாங்க. அதுக்குள்ள எம்பையன் வந்துட்டுப் போயிட்டான்.” இதை அம்மா என் கல்யாணத்தில் சம்பந்திகளிடம் சொன்னார். மைசூர் வந்ததும் பக்கத்து வீடுகளில் சொன்னார். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமும் சொன்னார். அப்பா இருந்தவரை, இந்தப் பேச்சு தொடங்கினாலே டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

5

அம்மாவுக்கு இப்போது எண்பது. இந்த வருடம் கண்புரை அறுவைக்குத் தேதி குறித்தபோது டாக்டர், கண் தெளிந்ததும் என்ன பார்க்க ஆசை என்று விளையாட்டாகக் கேட்டார். சாமுண்டி மலை என்றோ பேத்தியின் முகம் என்றோ எதிர்பார்த்திருப்பார்.

“எம்பையன் டிவியில பேசினானுங்க. அதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்.”

டாக்டர் என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் மென்பொருள் கையேடு எழுதுகிறவன் என்று விளக்க வேண்டியிருந்தது.

நந்தினி கூட இருந்தாள். என் புள்ளிகளை அவள் ஒருநாளும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. அவளுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் விருந்தாளி வந்தால் மட்டும். அப்பத்தா என்று எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ‘அஜ்ஜி’தான். அன்று வீட்டுக்கு வந்ததும் பள்ளியின் பெயர், வருடம், என்ன நிகழ்ச்சி என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பழைய நாடா சேகரிப்பவர்களின் பக்கத்தில் எழுதிப் போட்டாள். வருடக்கணக்காக அந்தப் பக்கத்தைப் படித்துவரும் எனக்கு, அங்கே ஒரு வரி கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை.

கண் கட்டுப் பிரித்த வாரம் பதில் வந்தது. ஓய்வுபெற்ற ஒருவர். அவருடைய அப்பா மாலைச் செய்திகளை எல்லாம் நாடாவில் பிடித்து அலமாரி நிறைய வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் இது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மா முகம் கழுவி வந்து சோபாவில் உட்கார்ந்தார். நந்தினி கைப்பேசியிலிருந்து டிவிக்கு மாற்றினாள். படம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. “சும்னே இரு, அப்பா,” என்று என்னை அதட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

திரையில் நரைத்த தலையோடு ஒருவர் நேராகப் பார்த்து மாலை வணக்கம் சொன்னார்.

“குட் ஈவினிங்,” என்றார் அம்மா.

பிறகு எங்கள் வகுப்பறை. தரையில் வரிசையாகப் பிள்ளைகள். எல்லோரும் ஒரு டிவியை அவ்வளவு ஆர்வமாகப் பார்க்கிறார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பையன் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறான். நிருபர் பேசத் தொடங்குகிறார். ஒரு கை மேலே போகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் இழுத்துப் பேசும் அதே இழுப்பில், கீச்சென்ற குரலில், டிவி போடவே இல்லை என்கிறான். நிருபர் திரும்பி டிவியைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கைக் கீழே இறக்குகிறார். படம் முடிந்தது.

நந்தினி சோபாவில் புரண்டு சிரித்தாள். “அப்பா, நீ அப்பவே இப்படித்தானா?” சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா இன்னொரு முறை போடச் சொன்னார். ஸ்வெட்டர் தான் பின்னியது என்றார். கை நீளம் போதவில்லை, அன்றைக்கே தெரியும் என்றார். மூன்றாம் முறை போடும்போது, அறிவிப்பாளர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, இது நம்ம ஆளு.”

“ஆமாம்மா.”

“நம்ம ஆளு மேக்கத்தி டிவிக்காரன்.”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தலைமையாசிரியை மலைக்கு மேற்கேயிருந்து தினமும் காரில் வருகிறவர். தான் பார்க்கிற நிலையத்துக்குத்தான் அவர் எழுதிப் போட்டிருப்பார். அங்கிருந்துதான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வகுப்பில் என்னைப் பார்த்திருந்த அந்தச் சிலரும் மேற்கு அணிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். அது வந்தது மேற்கில். எங்கள் ஆன்டெனா நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே மேற்கில். அந்தச் சில நாட்கள் மட்டும் அது வேறு பக்கம் பார்த்தது.

நந்தினிக்குக் கணக்கு புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும், “அஜ்ஜி, அப்போ தாத்தா ஏறாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தாள். சுமதி அவள் தொடையைத் தட்டினாள்.

எங்கள் வீட்டில் அப்பாவின் படம் டிவிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. அம்மா புதுக்கண்ணால் அதை அண்ணாந்து பார்த்தார். மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

“ஏனுங்க,” என்றார். “நான் ஏறச் சொன்னா உடனே ஏறிப்போடறதா? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பள்ளித் தொலைக்காட்சி விடுவதைவிட நீளமான இடைவெளி. இந்த முறை பதிலையும் அவரே சொல்லவில்லை.

நந்தினி மெதுவாக, டிவியை அணைக்கட்டுமா என்று கேட்டாள்.

“எதுக்கு அணைக்கறே, கண்ணு?” என்றார் அம்மா. “அங்கிருந்து அவங்களுக்கு என்ன தெரியும்? படத்தைக் கழட்டிக் கொண்டாந்து எம்பக்கத்துல வைய்யி. அவங்க இன்னும் பாக்கலை.”